கண்ணுக்குக் கிடைத்தது பல்லுக்கும் கிடைக்குமா?

பல் போனால் சொல் போச்சு என்னும் பழமொழியை இன்று நாம் பெரும்பாலும் கேலிக்கே பயன்படுத்துகிறோம். உண்மையில் அது ஓர் இலக்கணச் செய்தி. எழுத்துகள் பிறக்கும் விதத்தைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியல், தலை, மிடறு, நெஞ்சு, இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பல்லையும் சேர்த்து எட்டு என்று கணக்கிடுகிறது. தகரமும் நகரமும் நாவின் நுனி மேற்பல்லின் அடியைச் சென்று தொடும்போது பிறப்பவை. வகரத்துக்குப் பல்லும் வேண்டும், இதழும் வேண்டும். முன்வரிசைப் பற்களை இழந்த ஒருவர் பேசுவதைச் சற்றுக் கவனித்துக் கேட்டால் இந்த மூன்று எழுத்துகளும் காற்றாய்க் கரைந்து போவது தெரியும். வந்தாரை வரவேற்பதில் பெயர்பெற்றது கொங்கு நாடு. 'வாங்க' என்னும் அந்த வரவேற்பின் முதலெழுத்தே பல்லை நம்பித்தான் நிற்கிறது.

இலக்கியம் பேசுகிறவர்களுக்குப் பல் மருத்துவத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது என்றே கருதுகிறோம். கோவையில் அவினாசி சாலையிலும் ஆர்.எஸ்.புரத்திலும் காந்திபுரத்திலும் பல் மருத்துவமனைப் பலகைகள் பெருகிவிட்டன. ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, நாமக்கல் என்று சிறு நகரங்களிலும் இதே நிலைதான். முன்பு 'பல் கட்டப்படும்' என்றிருந்த இடத்தில் இப்போது 'இம்ப்ளாண்ட்' என்று எழுதியிருக்கிறார்கள். தாடை எலும்பில் டைட்டானியத் திருகு ஒன்றைப் பதித்து, அதன்மேல் பல்லைப் பொருத்தும் முறை அது. 'பல் பதியம்' என்று மொழிபெயர்க்கலாம். வேளாண்மை தெரிந்த ஊரில் பதியன் போடுவது யாருக்கும் விளங்கும். ஆனாலும் வழக்கில் வென்றுவிட்ட சொல் இம்ப்ளாண்ட்தான்; நாமும் அதையே கையாள்வோம். இந்தச் சிகிச்சை நல்லது, வேண்டியது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. எங்களுடைய கேள்வி வேறு. இது யாருக்குக் கிடைக்கிறது? யாருக்குக் கிடைக்கவில்லை? கிடைக்காதவர்களுக்கு இந்த ஊர் ஏதேனும் செய்ய முடியாதா?

முதலில் இந்தத் திருகின் கதையைச் சொல்லிவிடுகிறோம். 1950களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்க்க விரும்பினார். முயலின் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறிய கண்காணிப்புக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது கழற்ற முடியவில்லை. எலும்பு அந்த உலோகத்தை அந்நியமென்று ஒதுக்கவில்லை; தன்னோடு சேர்த்துக்கொண்டு வளர்ந்திருந்தது. டைட்டானியத்தின் மேற்பரப்பில் காற்றுப் பட்டவுடன் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று உண்டாகிறது. எலும்பின் உயிரணுக்கள் அதன்மீது ஒட்டி வளரத் தயங்குவதில்லை. எதிர்பாராமல் கண்ணில் பட்ட இந்தச் செய்திதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

1965இல் கோத்தன்பர்க் நகரில், பிறவியிலேயே அண்ணமும் தாடையும் குறைபட்டு, கீழ்ப்பற்களின்றி இருந்த யோஸ்தா லார்சன் என்பவருக்கு பிரோனெமார்க் நான்கு திருகுகளைப் பதித்தார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை அவருக்கு உழைத்தன. மருத்துவ உலகம் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் பிரோனெமார்க் ஏளனத்துக்கு ஆளானார். 1982இல் டொரோண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் முறை பரவலாக ஏற்கப்பட்டது. அவர் 2014இல் மறைந்தார்.

அதே 1965இல் கொங்கு நாட்டில் வேறொரு காரியம் நடந்தது. கனடா நாட்டு மானிடவியலாளரான பிரெண்டா பெக் காங்கேயம் வட்டாரத்துச் சிற்றூரொன்றில் தங்கி அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பொன்னர், சங்கர், அருக்காணித் தங்காள் ஆகியோரின் அந்தக் கதை பல இரவுகள் நீளும் வாய்மொழிக் காவியம். ஏட்டிலிருந்து படிக்கப்படுவதன்று, பாடகரின் வாயிலிருந்து வருவது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் நம்முடைய இலக்கியத்தில் எவ்வளவு முதியவர்களின் வாயை நம்பி இருந்திருக்கிறது என்பதை இது நினைவூட்டுகிறது. உடுக்கடிப் பாடகர்கள், ஒப்பாரி வைக்கும் கிழவிகள், விடுகதை சொல்லும் பாட்டிமார் ஆகியோரிடமிருந்துதான் நாட்டார் பாடல் திரட்டுகள் உருவாயின. பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' போன்ற நூல்களுக்கும் பேச்சுதான் மூலம். வட்டாரச் சொற்களை அதிகம் வைத்திருப்பவர்கள் எழுபதைக் கடந்தவர்கள். பற்களை அதிகம் இழந்திருப்பவர்களும் அவர்களே. பொக்கைவாயைப் பற்றி நாம் அழகாக எழுதுகிறோம். குழந்தையின் சிரிப்போடு ஒப்பிட்டு உருகுகிறோம். அந்த வாய்க்குச் சொந்தக்காரர் அன்று என்ன சாப்பிட்டார் என்று கேட்பதில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். கொங்கு நாட்டின் பழைய உணவு பல்லுக்கு வேலை கொடுக்கும் உணவு. கம்பும் சோளமும் கொள்ளும் நிலக்கடலையும் விளைந்த மேட்டாங்காட்டு நிலம் இது. மாலையில் வறுத்த கடலைக்காய், பண்டிகைக்கு முறுக்கும் எள்ளுருண்டையும் கச்சாயமும், விருந்துக்கு நாட்டுக்கோழி, வயல்பக்கம் போனால் கரும்பு. பல் போனவர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர்களுக்கு மிஞ்சுவது குழைந்த அரிசிம்பருப்பு, கரைத்த களி, தண்ணீரில் நனைத்த இட்லி, காப்பியில் தோய்த்த ரொட்டி. மெல்லுவதற்குக் கடினமான கீரைத் தண்டு, பயறு, இறைச்சி, பழம் எல்லாம் விலகிப்போக, எளிதில் விழுங்கக்கூடிய மாவுப் பண்டங்களே தட்டை நிறைக்கின்றன. சர்க்கரை நோயுள்ளவருக்கு இதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். சர்க்கரை நோய் ஈறுகளைக் கெடுக்கிறது. கெட்ட ஈறுகள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க விடாமல் தடுக்கின்றன. ஈறு தளர்ந்து பல் விழுந்தபின், உண்ணத் தகாததே உண்ண முடிந்ததாகிவிடுகிறது.

விழுந்த பல்லுக்குப் பின்னால் இன்னொன்றும் நடக்கிறது. பல்லைத் தாங்கும் தாடை எலும்பு, மெல்லும்போது கிடைக்கும் அழுத்தத்தால்தான் தன் உயரத்தைக் காத்துக்கொள்கிறது. பல் போனதும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது, கன்னம் ஒட்டுகிறது, மூக்கும் முகவாயும் நெருங்குகின்றன. கழற்றி மாட்டும் பல் செட் இந்தக் கரைதலைத் தடுப்பதில்லை. மேல்தாடை செட் அண்ணத்தில் பரவி ஒட்டிக்கொள்ளும். கீழ்த்தாடை செட்டுக்கு அப்படி ஒட்ட இடமில்லை. குதிரை லாட வடிவில் இருக்கும் அதை நாக்கு ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். எலும்பு கரையக் கரைய அது இன்னும் ஆடும். பல வீடுகளில் ஆசையாகக் கட்டிய பல் செட் தண்ணீர் டம்ளரில் கிடப்பதன் காரணம் முதியவர்களின் பிடிவாதம் மட்டுமன்று. கீழ்ச்செட் உண்மையிலேயே நிற்பதில்லை.

இம்ப்ளாண்ட் இந்த இடத்தில்தான் பயன் தருகிறது. எலும்புக்குள் வேரைப்போல நின்று, மெல்லும் அழுத்தத்தை எலும்புக்கே அனுப்புகிறது. பக்கத்துப் பற்களை ராவ வேண்டியதில்லை. ஆனால் விலை? கோவையில் ஒரு பல்லுக்கு, மேலே பொருத்தும் பல்லையும் சேர்த்து, முப்பதாயிரம் ரூபாய் வாக்கில் என்பது சாதாரணமாகக் காதில் விழும் தொகை. திருகு எந்த நாட்டுத் தயாரிப்பு, எலும்பு போதுமா என்பவற்றைப் பொறுத்து அது ஏறவும் இறங்கவும் செய்யும். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்தாலும் 33,600 ரூபாய்தான். ஆக, ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் மண் சுமக்கும் ஒரு பெண்மணி ஏறத்தாழத் தொண்ணூறு நாள் கூலியை அப்படியே கொடுத்தால் ஒரே ஒரு பல் கிடைக்கும். மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் விபத்தில் உடைந்தவை தவிரப் பிற பல் சிகிச்சைகளை ஏற்பதில்லை. 'பல்லிருக்கிறவன் பட்டாணி தின்கிறான்' என்று ஒரு சொலவடை உண்டு. இயன்றவன் செய்கிறான், உனக்கென்ன என்ற பொருளில் சொல்வது. இப்போது அது நேர்ப்பொருளிலேயே உண்மையாகிவிட்டது. பணமிருக்கிறவனுக்குப் பல்லிருக்கிறது, பல்லிருக்கிறவன் பட்டாணி தின்கிறான்.

பல்லுக்கும் பணத்துக்குமான இந்த உறவு புதியதன்று. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் செல்வர்களின் பொய்ப்பற்கள் ஏழைகளின் வாயிலிருந்தும் போர்க்களத்துப் பிணங்களிலிருந்தும் வந்தன. 1815இல் நடந்த வாட்டர்லூ போருக்குப் பிறகு அத்தகைய பற்களுக்கு 'வாட்டர்லூ பற்கள்' என்றே பெயர் ஏற்பட்டது. விக்தோர் ஹ்யூகோவின் 'ஏழைபடும் பாடு' நாவலில் ஃபான்தீன் தன் குழந்தையின் மருந்துச் செலவுக்காக முன்பற்கள் இரண்டை விற்கிறாள். தமிழில் அந்நாவலைச் சுருக்கமாகவேனும் படித்தவர்களுக்கு அக்காட்சி மறந்திருக்காது. பின்னர் ரப்பரைக் கெட்டிப்படுத்தும் முறையும், 1930களில் அக்ரிலிக்கும் வந்து பல் செட்டை மலிவாக்கின. மனிதனின் பல்லை மனிதன் வாங்கும் அவலத்தை ஒழித்தது மலிவான பொருள்தான். டைட்டானியத் திருகு தொழில்நுட்பத்தால் அதைவிட உயர்ந்தது. ஆனால் விலையால் அது மீண்டும் பழைய கோட்டையே வாய்களுக்கு நடுவில் கிழிக்கிறது.

விளம்பரங்களின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். 'புன்னகை வடிவமைப்பு', 'நட்சத்திரப் புன்னகை', 'ஒரே நாளில் புதிய பற்கள்' என்றுதான் இந்தச் சிகிச்சை நம்மிடம் பேசுகிறது. மெல்லுதல், விழுங்குதல், பேசுதல் ஆகிய சொற்களை அந்தப் பலகைகளில் காண்பது அரிது. பல்லை அணிகலனாகச் சொல்லிச் சொல்லி, அது இல்லாதவனுக்கு அழகு மட்டுமே குறைகிறது என்று நம்ப வைத்துவிட்டோம். அணிகலனை அரசு ஏன் வாங்கித்தர வேண்டும் என்ற கேள்வி அதிலிருந்து தானாகவே எழும். சொல்லில் விழுந்த பிழை கொள்கையிலும் விழுகிறது. 'ஒரே நாளில்' என்பதிலும் கவனம் வேண்டும். தகுந்த எலும்பு இருப்பவர்க்கு உடனடியாகத் தற்காலிகப் பல்லைப் பொருத்துவது இயலும். ஆனால் எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதை எந்த விளம்பரமும் சுருக்க முடியாது. வேர் சிகிச்சையால் காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கி அவ்விடத்தில் திருகு வைக்கச் சொல்லும் ஆலோசனையை யார் தந்தாலும், இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வதே நல்லது. சொந்தப் பல்லுக்கு நிகரான திருகு இன்னும் செய்யப்படவில்லை.

சரி, வேறு வழிதான் என்ன? அதற்கு இதே ஊரில், பல்லுக்குச் சற்று மேலே, விடை இருக்கிறது. கண்ணைச் சொல்கிறோம்.

1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர், புரை அகற்றிய கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை வில்லையை வைத்தார். அதற்குத் தூண்டுகோலானது போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூரைச் சிதறல்கள். அக்ரிலிக்கால் ஆன அச்சிதறல்களைக் கண் எதிர்க்காமல் பொறுத்துக்கொண்டதை அவர் கவனித்தார். பிரோனெமார்க்கின் முயலைப் போலவே இதுவும் எதிர்பாராத கண்டுபிடிப்பு. பல் செட்டின் ஈறுப்பகுதியைச் செய்யும் அக்ரிலிக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ரிட்லியும் தம் சகாக்களின் எதிர்ப்பைப் பல காலம் தாங்க வேண்டியிருந்தது. இதுவரை இரண்டு கதைகளும் ஒன்று. அதன்பின் பிரிகின்றன.

உள்விழி வில்லை நூறு டாலர் வாக்கில் விற்ற காலத்தில், அது இந்திய ஏழைக்கு ஆகாது, தடித்த கண்ணாடியே போதும் என்று சொன்னவர்கள் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அதை ஏற்கவில்லை. 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை மதுரையிலேயே நிறுவி வில்லையைத் தானே செய்யத் தொடங்கியது. விலை பத்து டாலருக்கு வந்தது. பின்னர் அதற்கும் கீழே இறங்கியது. பணம் கொடுப்பவர் கொடுக்க, இயலாதவர்க்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அதே சிகிச்சை என்ற முறை நிலைபெற்றது. 1997இல் கோவையிலும் அரவிந்த் வந்தது. அதற்கு முன்பே, 1980களிலிருந்து, சங்கரா கண் மருத்துவமனை கோவையிலிருந்து கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்று பல்லடம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மூதாட்டிக்குக் கண்ணில் புரை விழுந்தால், ஊருக்கே முகாம் வரும். பேருந்தில் அழைத்துப்போய் வில்லை வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இதை அதிசயம் என்று யாரும் நினைப்பதில்லை. அதே மூதாட்டிக்குப் பல் முழுதும் விழுந்தால், 'வயசானா அப்படித்தானுங்க' என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். புரையும் வயதானால் வருவதுதான். அதை நாம் அப்படிச் சொல்லி விடுவதில்லை.

கண்ணும் பல்லும் ஒன்றல்ல என்ற மறுப்பு வரும். அதில் நியாயமும் உண்டு. புரை அறுவை சில நிமிடங்களில் முடிந்துவிடும். இம்ப்ளாண்ட்டுக்குப் பல மாதங்களில் பல வருகைகள் வேண்டும். படம் எடுக்க வேண்டும். திருகு வைத்தபின் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே பல் செய்ய வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்க்கும் புகை பிடிப்பவர்க்கும் தோல்வி வாய்ப்பு கூடுதல். பதித்தபின் துலக்காமல் விட்டால் இம்ப்ளாண்ட்டைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழற்சி கண்டு அது ஆடிப்போகும். பார்வை இழந்தவரை யாரோ கைபிடித்து நடத்த வேண்டும். பல் இழந்தவர் கஞ்சி குடித்துக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்துவிடுகிறார். அவர் முறையிடாததால்தான் அவர் குறை கொள்கையாக மாறவில்லை. எல்லோருக்கும் வாய் நிறைய இம்ப்ளாண்ட் என்று கேட்பது அறியாமை என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் நாங்கள் கேட்பது அதுவன்று. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கீழ்ப்பற்கள் முழுதும் இழந்தவருக்கு, இரண்டே இரண்டு இம்ப்ளாண்ட்டுகளை முன்பக்கம் பதித்து அவற்றின்மேல் பல் செட்டைப் பட்டன் போலப் பொருத்துவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். 2009இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் கூடியவர்களும் அதையே வழிமொழிந்தார்கள். இரண்டு போதும். நிற்காத கீழ்ச்செட் நிற்கும், இரவில் கழற்றிக் கழுவலாம், கடலையும் மெல்லலாம். வாய் முழுதும் நிலையான பல் பொருத்தும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு பகுதி. மேல்தாடைக்குச் சாதாரண செட் பெரும்பாலோருக்குப் போதுமானது. மலிவான, மானமுள்ள, நிரூபணமான இந்த நடுவழியைப் பற்றி நம் ஊர் விளம்பரப் பலகைகள் ஏன் பேசுவதில்லை என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம்.

அரசு இதில் இறங்க முடியுமா என்றால், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் பாருங்கள். கேரளத்தின் சமூக நீதித்துறை, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இலவசமாகப் பல் செட் வழங்கும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. அதன் பெயர் 'மந்தஹாசம்'. புன்னகை என்றுதான் பொருள். அவர்களும் புன்னகை என்றே சொல்கிறார்கள். ஆனால் விற்பதற்காகச் சொல்லவில்லை. சத்துணவிலும் மருத்துவக் காப்பீட்டிலும் முன்னோடி என்று பெருமை கொள்ளும் தமிழகம் இதில் பின்தங்கியிருக்க எந்தக் காரணமும் இல்லை. இலவச செட், அதன்மேல் தேவைப்படுவோர்க்குக் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட் என்பது தமிழகத்துக்கு எட்டாத கனவல்ல.

கொங்கு மண்டலத்துக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ணா, திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர்., விவேகானந்தா, குமாரபாளையத்தில் ஜே.கே.கே. நடராஜா என்று வரிசையாகப் பல் மருத்துவக் கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. எல்லாம் அறக்கட்டளைகள் நடத்தும் தனியார் கல்லூரிகள். அங்கே மாணவர்களுக்கு நோயாளிகள் வேண்டும்; நோயாளிகளுக்கு மலிவான சிகிச்சை வேண்டும். நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பட்டம் பெற்று வருகிறார்கள். பலர் நகரங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வேலையின்றித் தவிக்கிறார்கள். அவர்களைக் கிராமத்து முதியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு மட்டுமே இல்லை. கண் மருத்துவமனைகள் முகாம் நடத்தும் அதே பள்ளிக்கூடங்களில், அதே ஞாயிற்றுக்கிழமைகளில், பல்லையும் பார்க்கத் தடை என்ன?

இன்னொரு புறம் இந்த ஊரின் பட்டறைகள். ஜி.டி. நாயுடு காலம் தொட்டு உலோகத்தைக் கடைந்து நுட்பமான பொருள் செய்வதில் கோவை பெயர் பெற்றது. பம்ப் செட்டும் மோட்டாரும் நூற்பாலை எந்திர உறுப்பும் செய்த கைகள் இன்று கணினி வழிக் கடைசல் எந்திரங்களில் மைக்ரான் கணக்கில் வேலை செய்கின்றன. இம்ப்ளாண்ட் என்பது ஒரு சென்டிமீட்டர் நீளத் திருகு. அதன் மேற்பரப்பைப் பதப்படுத்துவதும் தூய்மையாக்குவதும் கடுமையான தரச் சோதனைகளும்தான் கடினம். எளிதென்று சொல்ல மாட்டோம். உள்விழி வில்லை அதைவிட எளிதாக இருக்கவில்லை. மூலப்பொருள்கூடத் தொலைவில் இல்லை. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவராவிலும் கடற்கரை மணலில் டைட்டானியக் கனிமம் கிடைக்கிறது. விண்வெளித் துறையின் உதவியோடு 2011இல் சவராவில் டைட்டானிய உலோக ஆலையும் தொடங்கப்பட்டது. டெல்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனமும் ஐஐடியும் சேர்ந்து உள்நாட்டு இம்ப்ளாண்ட் உருவாக்கும் பணியில் ஈடுபட்டன. மதுரைக்கு ஓர் ஆரோலேப் கிடைத்ததுபோல் பல்லுக்கு ஒன்று கோவையில் ஏன் உருவாகக் கூடாது? இலாப நோக்கமற்ற அறக்கட்டளை, ஒரு பல் மருத்துவக் கல்லூரி, இரண்டொரு நல்ல பட்டறைகள் ஆகியவை ஒன்றுசேர இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான ஊர் அதிகம் இருக்க முடியாது.

இவ்வளவு சொன்னபின், பல் போகாமல் இருப்பதே முதல் மருத்துவம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜப்பான் 1989இல் '8020' என்ற இயக்கத்தைத் தொடங்கியது: எண்பது வயதில் இருபது சொந்தப் பற்கள். தொடங்கியபோது எண்பதை எட்டியவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இருபது பற்கள் இல்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருந்தன. ஒரு தலைமுறைக்குள் இது நடந்தது. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. கொங்கின் வட எல்லையை ஒட்டிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து தலைமுறை தலைமுறையாகப் பற்கள் பழுப்பேறிக் கிடந்தன, எலும்புகளும் வளைந்தன. ஜப்பான் நிதியுதவியுடன் 1,900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டு, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது. அத்திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருந்தது. பல்லையும் எலும்பையும் பொதுக் காரியமாக எண்ணிய ஓர் அரசு முடிவு அது. அதே எண்ணம் வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கத்தின்மேலும், பள்ளிவாசலில் விற்கும் இனிப்பின்மேலும், கட்டுப்படாத சர்க்கரையின்மேலும் திரும்ப வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 350 கோடிப் பேர் வாய் நோய்களால் துன்புறுவதாகக் கூறியது. இவ்வளவு பெரிய எண் நம் மனத்தில் தைப்பதில்லை. ஆகவே சிறிய எண்களாகவே எங்கள் கோரிக்கையைச் சொல்லி முடிக்கிறோம். பல் முழுதும் இழந்த ஒவ்வொரு ஏழை முதியவருக்கும் ஒரு நல்ல பல் செட். அது நிற்காதவருக்குக் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க ஒரு மருத்துவர். இதற்கு மேல் வேண்டுவோர் தம் காசில் எத்தனை நட்சத்திரப் புன்னகை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். அதில் எங்களுக்கு வழக்கில்லை. கண் மருத்துவமனைகளுக்கு நன்கொடை தரும் கோவைச் செல்வர்களிடமும், கல்லூரி நடத்தும் அறக்கட்டளைகளிடமும், சுகாதாரத் துறையிடமும் இதைக் கேட்க எழுதுகிறவர்களுக்கு உரிமை உண்டு என்றே நம்புகிறோம். அந்த முதியவர்களின் வாயிலிருந்து சொற்களை இத்தனை காலம் வாங்கிக்கொண்டவர்கள் நாம். திருப்பித் தருவதற்கு நம்மிடம் கடன் இருக்கிறது.